பரணில் ஒரு ராத்திரி: புதிய உபதேசியார்களுக்கு

ஓசூரில் டூல் ரூமில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிளைக் கிராமங்களுக்கு உபதேசியாராகப் போனவன் நான். இந்த வருஷம் புதிதாகப் பொறுப்பேற்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி பங்குச் சாமியார் கேட்டார். ஜெபம், பாடல், மறைக்கல்வி பற்றிச் சொல்ல என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் துப்பாக்கியைப் பற்றிச் சொல்கிறேன். காட்டோரக் கிராமங்களில் அந்தப் பேச்சு வராமல் உங்களுக்கு ஒரு வருஷம் ஓடாது.

1. நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவரிடம் முதல் நாளே வேதம் பேசாதீர்கள். ராகி முற்றும் காலத்தில் அவரோடு ஒரு ராத்திரி பரணில் உட்காருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைகள் தளி, ஜவளகிரி வழியாக இறங்கி வரும். காட்டுப்பன்றிக்கு மாதக் கணக்கே கிடையாது. நாலு மாதப் பாடு ஒரே ராத்திரியில் மிதிபட்டுப் போவதைக் கண்ணால் பார்த்தவர் அவர். நீங்கள் பார்த்ததில்லை.

நான் அப்படிப் போன அன்றைக்கு, வயல்காரர் கோணிச் சாக்குக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்துக் காட்டினார். இரும்புக் குழாய் ஒன்று, அதைக் கம்பி சுற்றி இறுக்கிய மரக்கட்டை. வாய்ப் பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, துணி வைத்துக் குத்தி, ஈயக் குண்டு போடுகிற வகை. டார்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தேன். ஒரு பக்கச் சுவர் மெலிந்திருந்தது. மருந்து ஒரு சிட்டிகை கூடினால் பன்றிக்கு முன்னால் இவருடைய விரல் போகும். அதைத்தான் சொன்னேன். “தெரியும் சார். ராத்திரி தனியா இருக்கேனே, என்ன பண்றது?” என்றார்.

அந்தத் ‘தனியா’ என்ற சொல்லில்தான் நம்முடைய வேலை இருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து ஊர்ப் பையன்கள் இரண்டு இரண்டு பேராக முறை வைத்து அவரோடு காவலுக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் அவரிடம் வேதம் பேசினேன்.

2. “சீடர்களிடமும் வாள் இருந்ததே” என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். இருந்தது. லூக்கா நற்செய்தியில் இரண்டு வாள். அதை மறைக்காதீர்கள். ஆனால் கதையை முழுதாகச் சொல்லுங்கள். பேதுரு வாளை உருவித் தலைமைக் குருவின் பணியாள் மால்குவின் காதை வெட்டினார். இயேசு பேதுருவைத் தடுத்தார், அந்தக் காதைத் தொட்டுக் குணமாக்கினார். கைதாவதற்கு முன் அவர் கடைசியாகக் குணமாக்கியது தம்மைப் பிடிக்க வந்தவனைத்தான். அதே ராத்திரி, குளிர்காயும் நெருப்பருகே பேதுருவை அடையாளம் கண்டவர்களில் ஒருவன் மால்குவின் உறவினன் என்று யோவான் எழுதுகிறார். “தோட்டத்தில் உன்னைப் பார்த்தேனே” என்ற பொருளில் அவன் கேட்க, பேதுரு இல்லை என்று மறுத்துவிட்டார். வாள் எடுக்கக் கை வந்தவருக்கு உண்மை சொல்ல வாய் வரவில்லை. வாளை எடுக்க வைத்ததும் வாயை அடைத்ததும் ஒரே பயம்தான் என்று நான் நினைக்கிறேன்.

3. சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாத துப்பாக்கி சிறைக்குக் கொண்டுபோகும். பயிர்க் காவலுக்கு உரிமம் வாங்க அதே சட்டத்தில் இடம் உண்டு. அப்படி வாங்கி வைத்திருப்பவரைப் பாவி என்று பேச நமக்கு அதிகாரம் இல்லை. உரிமம் இல்லாததைத் தாங்களாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸும் வனத்துறையும் நம் பகுதியில் அறிவித்ததுண்டு. அப்படி அறிவிப்பு வரும்போது ஊர்ப் பெரியவர்களை முன்னால் நிறுத்துங்கள். நீங்கள் பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுக்காதீர்கள். வழியில் சோதனை போட்டால் யார் கையில் இருக்கிறதோ அவர் மேல்தான் வழக்கு.

யானை மிதித்த வயலுக்கு இழப்பீட்டு மனு எழுதிக் கொடுங்கள், போட்டோ எடுங்கள், கூடவே அலுவலகத்துக்கு நடங்கள். பணம் தாமதமாகத்தான் வரும். அந்தத் தாமதத்தில்தான் பலர் துப்பாக்கியையும் நாட்டு வெடியான அவுட்டுக்காயையும் தேடிப் போகிறார்கள். ஆகவே மனுவை நடுவில் கைவிடாதீர்கள்.

4. புனித தேவசகாயத்தின் கதையைப் பிள்ளைகளுக்கு நன்றாகச் சொல்லுங்கள். 1712இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தவர், திருவிதாங்கூர் அரசின் ஊழியர். வீட்டில் அடுத்தடுத்து இழப்பு வந்து மனம் நொந்திருந்தபோது, யோபுவின் கதையை அவருக்குச் சொன்னவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னரின் படைக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்த டச்சுப் படைக்காரர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் மன்னரின் வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

விசுவாசத்தைச் சொல்லிக்கொடுத்தவர் துப்பாக்கிக்காரர், விசுவாசிக்குச் சாவு வந்ததும் துப்பாக்கியால். இந்த முடிச்சை அவிழ்த்துச் சுலபமாக்காதீர்கள். படையில் இருக்கும் பிள்ளைகளின் அப்பா அம்மாவும் உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

5. சிப்காட்டில் வேலை பார்க்கும் பையன்கள் உங்களிடம் இன்னொரு கேள்வியோடு வருவார்கள். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோயம்புத்தூர், சேலம், திருச்சியோடு ஓசூரும் ஒரு முனையம். 2019 ஜனவரியில் அதைத் தொடங்கி வைத்தார்கள். சின்ன சின்ன சிஎன்சி பட்டறைகளுக்கும் ஆயுத உதிரிப் பாக ஆர்டர் இறங்கி வரலாம். “அண்ணா, நான் கடைகிற பீஸ் துப்பாக்கிக்குப் போனால் எனக்குப் பாவமா?”

என்னிடம் ஒரே வரியில் பதில் இல்லை. டிராயிங்கில் அளவும் டாலரன்ஸும்தான் இருக்கும், எதற்கென்று இருக்காது. முதலில் எதற்கென்று கேட்கச் சொல்லுங்கள். தெரிந்த பிறகு மனசு ஒப்பவில்லை என்றால், வேறு மெஷின் கேட்டு நிற்கச் சொல்லுங்கள். அதனால் ஓவர்டைம் போனால் அந்த மாத வாடகைக்கு நம் பங்கு மக்கள் கைகொடுக்க வேண்டும். கைகொடுக்காமல் மனசாட்சியைப் பற்றி அவனுக்குப் பிரசங்கம் செய்வது அநியாயம். ஒப்புகிறது என்று வேலையைத் தொடர்கிறவனையும் நற்கருணை வரிசையில் வேறு கண்ணால் பார்க்காதீர்கள்.

6. கிறிஸ்துமஸ் பரிசாகப் பிள்ளைகளுக்குப் பொம்மைத் துப்பாக்கி வேண்டாம். பந்து வாங்குங்கள்.

7. அடி வாங்கியும் ஆயுதம் தேடாதவர் ஒருவரின் கதையைச் சொல்லத் திருப்பத்தூர் நமக்குப் பக்கம்தான். அங்கே 1921இல் டாக்டர் சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்திலிருந்து வந்த டாக்டர் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கதர் உடுத்தி ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். 1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் பேட்டன் தம் நாட்டு அரசின் போலீஸிடமே அடி வாங்கினார். அதற்குப் பிறகும் நோயாளிகளிடம்தான் திரும்பி வந்தார். ஒருமுறை எல்லோரும் சேர்ந்து அங்கே போய் வாருங்கள்.

8. பரணுக்குப் போகும் முதல் ராத்திரிக்குக் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், கார்த்திகைக் குளிர் தாங்காது. டார்ச்சுக்கு மாற்று பேட்டரி வேண்டும். வனக்காவலரின் எண்ணை முன்பே போனில் போட்டுவையுங்கள். யானை வந்தால் யார் கூப்பிட்டாலும் இறங்காதீர்கள். வீட்டுக்காரர் டீ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் குடியுங்கள், துப்பாக்கிப் பேச்சை அவரே எடுக்கட்டும்.