வாய்தா நாளில் எழுத வேண்டியது

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. மூட் கோர்ட் பற்றி நீ கேட்டிருந்தவற்றை உன் பேராசிரியரிடமே கேட்டுக்கொள்ளலாம், அவற்றை விட்டுவிடுகிறேன். கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, அதுதான் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது. "முன்சீப் கோர்ட்டுக்கு ஆறு நாள் போனேன். ஐந்து நாள் வாய்தா. எழுத ஒன்றுமே இல்லை. வகுப்பில் எல்லாரும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். நானும் அப்படியே எழுதிவிடட்டுமா ஐயா?"

எழுதாதே. என் கோபம் உன்மேல் இல்லை. நீ ஆறு நாள் போய் உட்கார்ந்தவன். போகாமலே எழுதுவதுதான் வழக்கம் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்மேல்தான் கோபம்.

விதி என்ன சொல்கிறது என்று ஒருமுறையாவது படித்தாயா? இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் இரண்டாம் அட்டவணையை எடு. மூட் கோர்ட், இன்டர்ன்ஷிப் தாளில் 100 மதிப்பெண். மூன்று மூட் கோர்ட்டுக்கு 30, கட்சிக்காரரிடம் விவரம் கேட்பதையும் மனு தயாரிப்பதையும் பார்த்து எழுதும் டைரிக்கு 30, வாய்மொழித் தேர்வுக்கு 10. மீதி 30 விசாரணையைப் பார்ப்பதற்கு: சிவில் ஒன்று, கிரிமினல் ஒன்று. ரெக்கார்டில் எதை எழுதச் சொல்கிறார்கள்? வெவ்வேறு நாட்களில் நீதிமன்றத்தில் இருந்தபோது நீ கண்ட படிகளை. தீர்ப்பை எழுது என்று அங்கே ஒரு சொல்கூட இல்லை. வழக்கு முடியாவிட்டால் ரெக்கார்டு முடியாது என்ற எண்ணம் உங்களுக்கு எங்கிருந்து வந்ததோ! படிப்பின் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பார்க்கலாம் என்று விதி அவகாசமும் தருகிறது. நீ இப்போதுதான் மூன்றாம் ஆண்டு.

அந்த ஐந்து வாய்தாவுக்கு வருகிறேன். வாய்தா கேட்டது யார்? என்ன காரணம் சொன்னார்? எதிர்த்தரப்பு ஆட்சேபித்ததா? செலவுத்தொகை போட்டார்களா? சாட்சி வந்து காத்திருந்து திரும்பிப் போனாரா? சிவில் நடைமுறைச் சட்டம் 17ஆவது கட்டளையில், விசாரணைக் கட்டத்தில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா தரக்கூடாது என்று இருக்கிறது. 2005இல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குக் கொஞ்சம் இளக்கம் கொடுத்தது. கட்சிக்காரரின் கைமீறிய காரணமானால் மூன்றைத் தாண்டலாம் என்றது. நீ பார்த்த ஐந்தில் கைமீறிய காரணம் எத்தனை? இதை எழுதினாலே நான்கு பக்கம் வரும். எழுத ஒன்றுமில்லை என்கிறாய்!

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக்கு வாய்மொழித் தேர்வு நடத்தப் போயிருந்தேன். பதினொரு ரெக்கார்டுகளில் ஒரே பாகப்பிரிவினை வழக்கு. பதினொன்றிலும் குறுக்கு விசாரணை நடந்ததாக ஒரே தேதி. நாட்காட்டியைப் புரட்டினேன், ஞாயிற்றுக்கிழமை. யாரோ ஒருவர் என்றோ தவறாக எழுதிய தேதியை ஆண்டுக்கணக்காகக் கைமாற்றி எழுதியிருக்கிறார்கள். இன்று இதைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள 16 எழுத்துகள் கொண்ட சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் எந்த நாளில் வழக்கு எதற்காக வந்தது என்று யாரும் பார்த்துவிடலாம்.

தேதி சரியாக இருந்தாலும் பார்த்து எழுதியதா, பார்க்காமல் எழுதியதா என்று எனக்குத் தெரிந்துவிடும். பார்க்காதவர்கள் சிவில் வழக்கில் முதல் விசாரணையைக் கேள்வியும் பதிலுமாக நீட்டி எழுதுவார்கள். 2002க்குப் பிறகு அது நிரூபண வாக்குமூலமாகத் தாளில்தான் வருகிறது. சாட்சி கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து, ஆவணங்களைக் குறியீடு செய்துவிட்டு நிற்பார். வாய்ப்பேச்சு தொடங்குவது குறுக்கு விசாரணையில்தான்.

அதிலும் ஒன்றைக் கவனி. ஒரு முன்சீப் கோர்ட்டில் கிணற்றுப் பங்கு வழக்கொன்றை நான் பார்த்தபோது, வா.சா.1, அதாவது வாதியின் முதல் சாட்சி, எழுபது வயதுப் பெரியவர். வக்கீல் கேட்கிறார்: "கிணறு பிரதிவாதியோட அப்பா வெட்டினதுதானே?" பெரியவர் கொதித்துப் போய், "யாருங்க சொன்னது? எங்க தாத்தா வெட்டினதுங்க, நான் மண்ணு சுமந்தேன்" என்கிறார். பதிவானது என்ன தெரியுமா? 'கிணறு பிரதிவாதியின் தகப்பனாரால் வெட்டப்பட்டது என்று சொன்னால் சரியல்ல. அது என் பாட்டனாரால் வெட்டப்பட்டது.' கேள்வி தனியாக எங்கும் இல்லை. வக்கீல் கேட்டது சாட்சியின் வாய்க்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. 'நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல' என்று முடியும் வாக்குமூலங்களை நீ எத்தனையோ படிப்பாய். சாட்சியாக வந்தவர் தானாகவே எதற்கு இப்படிப் பேசுகிறார் என்று திகைப்பாய். அறையில் உட்கார்ந்து கேட்டவனுக்குத்தான் அந்த வாக்கியத்துக்குள் இரண்டு குரல் கேட்கும். மேல்முறையீட்டில் வழக்குக் கட்டைப் பிரிக்கும்போது உனக்குக் கிடைப்பது தாளில் உள்ள ஒரு குரல் மட்டுமே. மண் சுமந்த கதை அதில் இருக்காது. அந்தக் கதையிலிருந்துதான் கிணற்றின் வயதைக் கணக்குப் போட்டிருக்க முடியும்! இதற்காகவே ரெக்கார்டில் இடப்பக்கம் கேட்டதையும் வலப்பக்கம் பதிவானதையும் எழுதும்படி என் மாணவர்களிடம் சொல்வேன். எந்த விதியிலும் இது இல்லை, என் பிடிவாதம். நீயும் அப்படியே செய்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தொழில் பழக வேறு கட்டாயம் எதுவும் இப்போது கிடையாது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் பதிவுக்கு முன் பயிற்சி இருந்தது. 1973 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். 1995இல் பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவந்தது. அதற்கு அதிகாரமில்லை என்று 1999இல் வி. சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இந்த ரெக்கார்டும் இன்டர்ன்ஷிப் வாரங்களும்தான் அந்தப் பழைய பயிற்சியின் மிச்சம். கோர்ட்டைப் பார்ப்பது எளிதாக இருந்த காலமும் உண்டு. சென்னைச் சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருந்தது. மணி அடித்தால் கோர்ட் ஹாலுக்கு நடந்தே போய்விடலாம். 2018இல் கல்லூரியைப் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் மாற்றிய நாளிலிருந்து எனக்கு வருத்தம் தீரவில்லை.

நீதிமன்றத்தில் இருந்தே பழகியவர் என்றால் எனக்கு வேதநாயகம் பிள்ளைதான் நினைவுக்கு வருவார். அவரைப் பிரதாப முதலியார் சரித்திரம் நாவலோடு நிறுத்திவிடுகிறோம். அவர் நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, பிறகு முன்சீப் ஆனவர். 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைச் சித்தாந்த சங்கிரகம் என்று தமிழில் தந்தார். அடுத்தவர் வழக்குக் கட்டுகளோடு அத்தனை காலம் கிடந்த பிறகுதான் அவருக்கு அந்தத் தமிழ் வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. விடுமுறையில் வா, இதைப் பற்றி நிறையப் பேசலாம்.

இன்டர்ன்ஷிப்: ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், ஒரே மூச்சில் நான்கு வாரத்துக்கு மேல் கூடாது, கம்பெனிகளிலேயே கழித்துவிடாதே, விசாரணை நீதிமன்ற வக்கீலிடமும் மேல்முறையீட்டு வக்கீலிடமும் ஒருமுறையாவது இருந்தாக வேண்டும். உடை பற்றிக் கூச்சப்பட்டிருந்தாய். கறுப்புக் கோட்டும் டையும் வாங்க முடியாதவர்கள் வெள்ளைக் கால்சட்டை, முழுக்கைச் சட்டை, மூடிய ஷூவோடு வரலாம் என்று அதே 2008 விதிகள் சொல்கின்றன. கோட்டுக்காக அம்மாவிடம் பணம் கேட்காதே. யாராவது தடுத்தால் 27ஆம் விதியைக் காட்டு.

அடுத்த வாய்தா 17ஆம் தேதி என்று எழுதியிருந்தாய். பத்தரைக்கு முன்பே போய் டவாலி மூன்று முறை கூப்பிடுவதிலிருந்து எழுதத் தொடங்கு. மறுபடி தள்ளிப்போனால் யார், எதற்காகக் கேட்டார்கள் என்பதை அன்று இரவே எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியன்