வீட்டுக் கணினியும் குடும்ப ஆவணங்களும்

கேள்வி: எங்கள் வீட்டுக் கணினியை நால்வர் பயன்படுத்துகிறோம். டெஸ்க்டாப் முழுவதும் கோப்புகள் இறைந்து கிடக்கின்றன. ஒரு வீட்டு வரி ரசீதைத் தேட அரை நாள் ஆகிறது. காலஞ்சென்ற என் மாமனார் இருபது ஆண்டுகளுக்கு முன் தட்டெழுதி வைத்த குடும்ப வரலாறும் அதில்தான் இருக்கிறது. கணினி மிகவும் மெதுவாகிவிட்டதால் ஃபார்மட் போட வேண்டும் என்கிறார் பழுது பார்ப்பவர். முக்கியமானவற்றை 'டி' டிரைவில் காப்பி செய்துவிட்டேன். இது போதுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது, சகோதரி. 'சி' என்றும் 'டி' என்றும் திரையில் தனித்தனியே தோன்றுபவை பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரு பகுதிகளே ஆகையால், பீரோவின் மேல் தட்டிலிருந்த பத்திரத்தைக் கீழ்த் தட்டுக்கு மாற்றியவருக்கு அந்த பீரோவே தீக்கிரையாகும்போது என்ன பாதுகாப்பு உண்டோ, அவ்வளவே தாங்கள் எடுத்த பிரதிக்கும் உண்டு. ஃபார்மட் செய்யும்போது வழக்கமாக 'சி' மட்டுமே துடைக்கப்படும் என்பது உண்மையே. எனினும் பழுது பார்ப்பவர் டிஸ்க்கை மறுபடி பகுக்க நேர்ந்தால் 'டி'யும் மிஞ்சாது. ஆகவே, வெளியிலிருந்து இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றை முதலில் வாங்குங்கள். பென் டிரைவ், கோப்புகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்ல உதவுமேயன்றி, ஆண்டுக்கணக்கில் சேமித்து வைப்பதற்கு உகந்ததன்று.

டெஸ்க்டாப்பில் காணப்படுபவையும், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் முதலியவற்றில் உள்ளவையும், வழக்கமாக 'சி'யில் யூசர்ஸ் என்னும் ஃபோல்டருக்குள்ளேயே வசிக்கின்றன. அதனைப் பொறுக்கியெடுக்க முயலாமல் முழுமையாகவே பிரதி செய்துகொள்வது விவேகம்.

தங்கள் மாமனாரின் குடும்ப வரலாறு குறித்துத்தான் எனக்கு அதிகக் கவலை. இருபது ஆண்டுகளுக்கு முன் யூனிகோட் முறை வீடுகளில் பரவலாக வேரூன்றவில்லை. பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் பலர் தட்டெழுதினர். அத்தகைய கோப்பின் உள்ளே பதிவாகியிருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளே. அவற்றின் மீது தமிழ் வடிவத்தைப் போர்த்துவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு நீங்கிய மாத்திரத்தில், ஒரு முதியவர் வருஷக்கணக்கில் உழைத்து எழுதியது அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சியளிக்கும். அந்த எழுத்துருவோ 'சி'யில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் பகுதியில் இருப்பதால், ஃபார்மட்டில் அதுவும் அழிந்துபோகும். பழுது பார்ப்பவர்களில் பலர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. எனவே கோப்புகளோடு எழுத்துருக்களையும் தவறாமல் பிரதி எடுங்கள். பின்னர், இலவசமாகவே கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றின் துணையால் அவ்வரலாற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள். தமிழ்நாட்டு அரசு 2010-இல் தர நியமமாக ஏற்றதும் அம்முறையையே. மாற்றிய பின் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து வாசித்துச் சரிபார்ப்பது அவசியம். இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்கள் மாற்றியின் வழியே சென்று பொருளற்ற தமிழாகிவிடுவது சகஜம். மூலக் கோப்பையும் அழிக்காதீர்கள். காகிதத்திலும் ஒரு பிரதி அச்சிட்டு வையுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

இனி ஒழுங்கு விஷயம். ஆளுக்கொரு ஃபோல்டர் வைத்துக்கொள்வதே பல வீடுகளின் வழக்கம்; நான் அதனை ஆதரிப்பதில்லை. ரசீதைத் தேடுபவருக்கு, அதனை ஸ்கேன் செய்தவர் யார் என்பது நினைவிலிராது. அது வீட்டைச் சார்ந்தது என்பது மட்டுமே நினைவிலிருக்கும். வீடு, வைத்தியம், படிப்பு, வங்கி, புகைப்படம் என விஷயவாரியாக ஐந்தாறு ஃபோல்டர்கள் போதும். கோப்பின் பெயரில் ஆண்டு முதலாவதாகவும், மாதம் அடுத்ததாகவும், தேதி இறுதியாகவும் அமையட்டும்: '2023-06-14 வீட்டு வரி ரசீது' என்பதுபோல. கணினி பெயர்களை இடப்புறத்திலிருந்து ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதால், இவ்வாறு எழுதப்பட்டவை தாமாகவே கால வரிசையில் நின்றுவிடும். தேதியை முன்னால் எழுதினாலோ, எல்லா மாதங்களின் முதல் தேதிகளும் ஓரிடத்தில் கூடிக் குழப்பம் விளைவிக்கும். நாம் காகிதத்தில் தேதிகளுக்கு நடுவே இடும் சாய்கோட்டைக் கோப்பின் பெயரில் விண்டோஸ் அனுமதிப்பதில்லை; ஆதலால் சிறுகோடே இடுங்கள். பெயர்களைத் தமிழிலேயே சூட்டலாம்.

பிரதி எடுத்தவுடன் வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும். கணினியில் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நச்சு நிரல்கள், இணைந்திருக்கும் டிஸ்க்கையும் விட்டுவைப்பதில்லை. இடி மின்னலால் பாயும் மிகை மின்சாரமும் அவ்வாறே. மிக முக்கியமான ஆவணங்களுக்கு மட்டும் வீட்டுக்கு வெளியே மூன்றாவது பிரதி ஒன்று இருப்பது நலம். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இடம், மின்னஞ்சலுக்கும் புகைப்படங்களுக்கும் சேர்த்தே கணக்கிடப்படுவதாயினும், பத்திரங்களுக்கும் ரசீதுகளுக்கும் தாராளமாகப் போதும்.

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யுங்கள்: வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் இணைத்து, மாமனாரின் வரலாறு அங்கே தமிழாகவே திறக்கிறது என்பதைக் கண்ணால் கண்டு உறுதி செய்துகொள்ளும் வரை, ஃபார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.