பள்ளி ஆயத்தமும் வீட்டுச் சந்திப்பும்

பென்சில் பிடிக்கத் தெரியாமல் முதல் வகுப்புக்கு வரும் குழந்தையை, "இன்னும் ஆயத்தமாகவில்லை" என்று நானும் சொன்னதுண்டு. அமெரிக்காவின் பெர்ரி முன்பள்ளித் திட்டம் பற்றிப் படித்தபின் அப்படிச் சொல்வதில்லை.

மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டியில் 1962-இல் தொடங்கிய அந்த ஆய்வில், ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் 123 பேர். 58 பேருக்கு முன்பள்ளிக் கல்வி கிடைத்தது. ஆசிரியர்கள் வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்கும் சென்றனர். நுண்ணறிவு ஈவில் தெரிந்த முன்னேற்றம் சில ஆண்டுகளில் மறைந்தது. ஆனால் 40 வயதில் பார்த்தபோது, உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்களும் கூடுதல் வருவாய் உள்ளவர்களும் இவர்களிடையே அதிகம்.

இப்போது ஜூன் மாத மாலைகளில் புதிய குழந்தைகளின் வீடுகளுக்குச் செல்கிறேன். கூலி வேலையிலிருந்து திரும்பும் தாயிடம், "எழுதவைக்க வேண்டாம் அம்மா; சமைக்கும்போது வெங்காயத்தை எண்ணச் சொல்லுங்கள், பேச்சுக் கொடுங்கள்" என்கிறேன்.