தோள்சீலையும் ஓர் 'ஆனால்' வரியும்

ரயில்வேயில் இருந்தவரை விதிப் புத்தகத்தோடுதான் என் காலம் கழிந்தது. விதியைவிட, அதன் அடியில் 'ஆனால்' என்று தொடங்கும் வரியைத்தான் முதலில் பார்ப்போம். நம் பிள்ளைகள் ஒரு பழைய அரசாணையையும் அப்படிப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இன்றைய இடுக்கியின் பீருமேடு, தேவிகுளம் பகுதிகளும் தெற்கே கன்னியாகுமரி மாவட்டமும் அன்று திருவிதாங்கூர் என்ற ஒரே சமஸ்தானம். அங்கே நாடார் (அன்றைய ஆவணங்களில் சாணார்) முதலிய சாதிப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியக்கூடாது. நாயர் பெண்களுக்குத் தோள்சீலை உண்டு. ஆனால் நம்பூதிரி முன்னிலையில் அவர்களும் அதை விலக்க வேண்டும். யார் மேல், யார் கீழ் என்பது தெருவில் பார்த்தவுடன் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கிறிஸ்தவரான நாடார் பெண்கள் குப்பாயமும் அதன்மேல் தோள்சீலையும் அணியத் தொடங்கினர். 1822-இல் அவர்களைப் பொது இடங்களில் தாக்கினார்கள். 1829-இல் ஓர் ஆணை வந்தது: கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம், ஆனால் நாயர் பெண்களைப்போல் தோள்சீலை கூடாது. 1858 இறுதியில் மீண்டும் கலவரம். வீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-இல் மகாராஜா உத்திரம் திருநாள் புதிய ஆணை பிறப்பித்தார்.

இதை நிதானமாகப் படியுங்கள். எந்த மதத்தைச் சேர்ந்த நாடார் பெண்ணும் குப்பாயம் அணியலாம். முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணி கட்டலாம். வேறு எவ்விதமாகவும் மார்பை மறைக்கலாம். ஆனால், உயர்சாதிப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தக்கூடாது! போராட்டத்தின் வெற்றி என்று பலரும் எழுதும் ஆணை இதுதான். மறைக்கும் உரிமை கிடைத்தது. ஒன்றுபோல் உடுத்தும் உரிமை கிடைக்கவில்லை.

புலையப் பெண்களின் கதை வேறு மாதிரி. அவர்கள் கழுத்தில் கல்மாலை கட்டாயம். 1915-இல் கொல்லம் பகுதியில் அய்யன்காளி தலைமையில் நடந்த போராட்டத்தில் அதை அறுத்தெறிந்தார்கள்.

என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் உடையின் சமூக வரலாறு பற்றி ஒரு பாடம் இருந்தது. தோள்சீலைப் போராட்டமும் அதில் உண்டு. 2019-இல் அந்தப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். ஆகவே இதை நம் வீட்டில்தான் நடத்த வேண்டும். 1829, 1859 ஆணைகளை அடுத்தடுத்து எழுதி, இரண்டிலும் 'ஆனால்' வரும் இடத்தில் பிள்ளைகளைக் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு, ஊரில் எந்தெந்த வீட்டு வாசலில் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்க வேண்டியிருந்தது என்று தாத்தாவிடம் கேட்கட்டும்.