யுவான் சுவாங்கின் மீள்பயணம்: இரு நூல்களில் மலையும் மணல்வெளியும்

ஆய்வுச் சுருக்கம்

சீனத் துறவி யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து நிலவழியாகத் தாயகம் மீண்ட பயணம் இரு நூல்களில் பதிவாகியுள்ளது. அவர் சொல்லக் கேட்டுப் பியான்ஜி தொகுத்த ‘மேலைநாட்டுப் பதிவுகள்’ (646) ஒன்று. ஹுய்லி தொடங்கி யான்சோங் 688இல் நிறைவுசெய்த ‘வாழ்க்கை வரலாறு’ மற்றொன்று. இழப்புகளை இவ்விரு நூல்களும் கூறும் முறையினை ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறிப்புச்சொற்கள்: யுவான் சுவாங், மீள்பயணம், பாமிர், தக்லமக்கான், பாலைத்திணை

முன்னுரை

யுவான் சுவாங் காஞ்சிபுரம் வந்து சென்றமையால் தமிழக வரலாற்றாய்வில் நன்கு அறியப்பட்டவர். அவருடைய வருகை பெரிதும் ஆராயப்பட்ட அளவுக்கு மீள்பயணம் ஆராயப்படவில்லை. ஹர்ஷர் கடல்வழியே அனுப்பவும் முன்வந்தார். எனினும், வரும்போது உதவிய காவுசாங் அரசருக்கு அளித்த வாக்குறுதியைக் காட்டி அவர் நிலவழியையே தேர்ந்தார் என்று வரலாறு கூறுகிறது. காவுசாங் 640இல் தாங் பேரரசின் வசமாயிற்று. அரசரும் அவ்வாண்டே இறந்தார். வாக்குறுதி நிறைவேற வழியில்லாது போயினும், அது காட்டிய திசையே அவரை மலைக்கும் மணலுக்கும் இட்டுச் சென்றது.

சிந்து நதி

சிந்துவைக் கடக்கையில் படகு அலைப்புண்டு ஐம்பது சுவடிக்கட்டுகளும் மலர்விதைகளும் நீரில் வீழ்ந்தன என்கிறது வரலாறு. இழந்தவற்றுள் சிலவற்றை மீளப் படியெடுக்க ஆள் அனுப்பி, அவர் ஆற்றங்கரை நகரிலேயே தங்க நேர்ந்தது. பதிவுகளில் இந்நிகழ்ச்சி இல்லை. மாறாக, அரும்பொருளும் அரிய விதைகளும் கொண்டு அவ்வாற்றைக் கடப்போரின் படகு பெரும்பாலும் கவிழும் என்னும் பொதுச்செய்தியே உள்ளது. ஒருவரின் இழப்பு அங்கே ஆற்றின் இயல்பாக மாறிவிடுகிறது.

மலைவழி

இந்துகுஷ் மலையைக் கடந்தபோது குழு மிகச் சுருங்கியிருந்தது. பாமிரைக் கடந்தபின் கள்வர் தாக்க, அஞ்சியோடிய யானை நீரில் மூழ்கி மாண்டதை வரலாறு குறிப்பிடுகிறது. பதிவுகளோ பாமிரின் பெரிய ஏரியையும், பனிப்புயலில் அழிந்த பெருவணிகச் சாத்தினையும் கூறுகின்றன, யானையைக் கூறவில்லை.

கோத்தானும் மணல்வெளியும்

அரசின் இசைவின்றி நாடு நீங்கியவர் யுவான் சுவாங். எனவே கோத்தானில் தங்கிப் பேரரசர் தாய்சோங்குக்கு மடல் விடுத்தார். மறுமொழிக்காக ஏழெட்டுத் திங்கள் காத்திருந்த அக்காலத்தில், பாலையைவிட அம்மறுமொழியே அவர்முன் நின்ற பெருந்தடை எனலாம். விரைந்து வருக என்னும் ஆணை கிட்டியபின்னரே தக்லமக்கானின் தென்விளிம்பு வழியே கிழக்கு நோக்கினார்.

அம்மணல்வெளியைப் பதிவுகள் விரித்துரைக்கின்றன. காற்றில் மணல் பெயர்வதால் வழித்தடம் மறைகிறது. இறந்தோரின் எலும்புகளே வழிக்குறிகளாகின்றன. பாடலும் அழுகையும் கேட்டு மயங்குவோர் மாள்கின்றனர். இங்கும் ‘யான்’ என்னும் குரல் ஒலிக்கவில்லை.

பாலைத்திணையோடு ஒப்பீடு

சங்கப் பாலைப் பாடல்களிலும் மொழி வேறுபட்ட நாட்டுக்குச் செல்லும் வழியில் மாண்டோரின் கற்குவியலாகிய பதுக்கை இடம்பெறுகிறது. இறந்தோரின் எச்சம் வாழ்வோர்க்கு எச்சரிக்கையாதல் இரண்டிற்கும் பொது. அகப்பாடல் தலைமக்களின் பெயரைச் சுட்டாது. பதிவுகளும் பயணியின் இழப்பைச் சுட்டவில்லை. ஆயின் நோக்கம் வேறு. அகமரபு பெயரை மறைப்பது உணர்வை அனைவர்க்கும் உரியதாக்க. பதிவுகள் ஆளை மறைப்பது நிலவறிவை அனைவர்க்கும் உரியதாக்க. பேரரசரிடம் அளிக்கப்பெற்ற நூலாதலின் இசைவின்றிச் சென்ற குற்றமும் அம்மறைப்பில் அடங்கிப்போனது என்பதும் கருதத்தக்கது.

முடிவுரை

யுவான் சுவாங் 645இல் 657 நூல்களுடன் தலைநகர் சாங்கான் சேர்ந்தார். கொண்டுவந்தவை எண்ணிக்கையாக நிலைத்தன. வழியில் இழந்தவற்றை அறிய மாணவர் எழுதிய வரலாறே துணை. அவ்விழப்புகள் பதிவுகளில் பின்வருவோர்க்கான வழியறிவாக உருமாறின. ஆகவே பயணநூல்களை ஆராய்வோர், ஒரு நூல் பொதுவிதியாகக் கூறும் செய்திக்குப் பின்னால் தனியொருவரின் பட்டறிவு உள்ளதா என்பதைப் பிறநூல் சான்றுடன் நோக்குதல் இன்றியமையாதது.