தில்லையாடி வள்ளியம்மை மண்டபமும் நம் கல்யாணப் பதிவும்



செம்பரம்பாக்கம் குழுக் கூட்டத்தில், "தில்லையாடி வள்ளியம்மை யாருன்னு தெரியுமா?" என்று கேட்டோம். ஒரு அக்கா உடனே, "எழும்பூர்ல கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்குப் பேரு!" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அவர் சொன்னது சரிதான். கோ-ஆப்டெக்ஸ் தலைமை அலுவலகம் இருப்பது தில்லையாடி வள்ளியம்மை மாளிகையில்.

வள்ளியம்மை 1898-இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தவர். தில்லையாடி அவருடைய தாயாரின் ஊர். ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் மக்கள், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். பெண்களுக்கும் அந்த வரி உண்டு. இது போதாதென்று 1913 மார்ச்சில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, அரசிடம் பதியாத கல்யாணம் செல்லாது என்றது. யோசித்துப் பாருங்க. தாலி கட்டி, பிள்ளை பெற்று, குடும்பம் நடத்தியவளை மனைவியே இல்லை என்றால், பிள்ளைகளுக்குச் சொத்துரிமை எங்கிருந்து வரும்?

அதுவரை வீட்டோடு இருந்த பெண்கள் காந்தியடிகளின் போராட்டத்துக்கு வந்தார்கள். முதலில் 11 பெண்கள் கிளம்பினார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் கையில் பால் குடிக்கும் குழந்தை! நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்ப் பேசித் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பினார்கள். பின்னால் வந்தவர்களில் வள்ளியம்மையும் தாயார் மங்களமும் இருந்தார்கள். மூன்று மாதம் கடுங்காவல். துணி துவைக்கும் வேலை, மோசமான சாப்பாடு. காய்ச்சலோடு வெளியே வந்தவர் பிழைக்கவில்லை. ஜெயிலுக்குப் போனதற்கு வருத்தமா என்று காந்தி கேட்டபோது, மறுபடியும் போகத் தயார் என்றாராம். 1914 பிப்ரவரி 22-இல் இறந்தார். வயது 16. அதே ஆண்டு ஜூலையில் வந்த சட்டம் நம் கல்யாணங்களை ஏற்றது, 3 பவுன் வரியையும் நீக்கியது.

இனவெறி அதோடு ஒழியவில்லை. 1948-க்குப் பிறகு அதுவே அரசாங்கக் கொள்கையானது. அந்த 11 பேரில் ஒருவரான வீரம்மாளின் பேத்தி சாந்தி நாயுடு, வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்து, 1969 முதல் ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்தார்.

1915-இல் காந்தி தில்லையாடிக்கே வந்தார். 1971-இல் அங்கே நினைவு மண்டபமும் நூலகமும் அமைந்தன. இப்போது மயிலாடுதுறை மாவட்டம், தரங்கம்பாடி வட்டம். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிறவர்களுக்கு மிகப் பக்கம். கல்யாணம் செல்லுபடியாக உயிர் விட்ட பெண்ணின் ஊரைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம்!

சரி, நம் கதைக்கு வருவோம். "கல்யாணத்தைப் பதிவு செய்தவர்கள் கை தூக்குங்க" என்றதும் ஒரு சில கைகள்தான் எழுந்தன. கணவரை இழந்த நம் உறுப்பினர் ஒருவர், வாரிசுச் சான்றிதழுக்காக மாதக்கணக்கில் அலைந்தார். மனைவிதான் என்று காட்ட அவரிடம் ஒரு தாள்கூட இல்லை. தமிழ்நாட்டில் 2009 முதல் எந்த மதத்தவரும் திருமணத்தைப் பதிவது கட்டாயம். 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அதற்கு முந்திய கல்யாணம் என்றால் சார்பதிவாளரிடம் வழி கேட்கலாம்.

அடுத்த கூட்டத்துக்குக் கல்யாணப் பத்திரிகை, போட்டோ, இருவரின் வயது, முகவரிச் சான்றுகளை எடுத்து வாருங்கள். பதியாதவர்கள் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, சேர்ந்தே சார்பதிவாளர் அலுவலகம் போவோம்.