ல, ள, ழ: பரளச்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

பரளச்சியில் பஸ் ஏறி “திருச்சுளி ஒண்ணு” என்றுதான் டிக்கெட் கேட்கிறோம். போர்டில் இருப்பது திருச்சுழி. அருப்புக்கோட்டை வட்டாரப் பேச்சில் மழை மளையாகும், பழம் பளமாகும். அது குறையில்லை. எழுதும்போதுதான் சிக்கல்: ஆற்றில் இருப்பது சுழி, முகத்தைச் சுருக்குவது சுளி.

செய்ய வேண்டியவை

• ஐயம் வந்தால் வினையை இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள். வாழ், வாழ்ந்தார், சூழ், சூழ்ந்தது. ழகர மெய்யில் முடிந்தால் ‘ந்த’ வரும். ஆள், ஆண்டார், புரள், புரண்டது, கொள், கொண்டார். ளகரம் ‘ண்ட’ ஆகும். கொல், கொன்றார்; வெல், வென்றார். லகரம் ‘ன்ற’ ஆகும். சொல், கேள் போன்ற சில விலகும்தான். ஆனாலும் தேர்வுக்கூடத்தில் இதைப்போல் கைகொடுக்கும் வழி வேறில்லை.

• பெயர்ச்சொல்லைப் பன்மையாக்குங்கள். கருவேல முள் முட்கள் ஆகும், கல் கற்கள் ஆகும். இதழ் மாறாது, இதழ்கள்தான்.

• சொற்களைக் குடும்பமாகப் படியுங்கள். உழு, உழவர், உழவு மாடு ஒரே குடும்பம். உளவு பார்ப்பது வேறு. களை, விளைச்சல், வெள்ளாமை எல்லாம் ள. விளைந்த மிளகாய்க்குச் சந்தையில் கிடைப்பது மட்டும் விலை.

• ‘மூணு சுழி ண’ என்பதோடு நிறுத்தாமல் டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று சொல்லிப் பழக்குங்கள். வண்டி, கன்று, பந்து: பின்னால் வரும் எழுத்தே எந்த ‘ன’ என்று காட்டிவிடும்.

• நுனிநாக்கை மேலே வளைத்து, அண்ணத்தில் ஒட்டவிடாமல் ழ சொல்லுங்கள். தொல்காப்பியப் பிறப்பியல் ழகரத்தை ரகரத்தோடு சேர்க்கிறது, ளகரத்தோடு அல்ல.

செய்யக்கூடாதவை

• பிள்ளை ‘மளை’ என்றால் வகுப்பில் வைத்துச் சிரிக்காதீர்கள். அது அப்பத்தாவிடம் கற்ற பேச்சு. எழுத்தைத் திருத்துங்கள், வாயை அடைக்காதீர்கள்.

• பயந்துபோய் எல்லா இடத்திலும் ழ போடாதீர்கள். உளுந்து, சோளம், மிளகாய், பரளச்சி எல்லாம் ளகரமே.

• கரி, கறிக்குக் காதை நம்பாதீர்கள். சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு எடுப்பது கரி. குழம்பில் கிடப்பது கறி. இதற்குச் சூத்திரம் கிடையாது, எழுதி எழுதித்தான் கைக்கு வரும்.

• முயற்ச்சி, பயிற்ச்சி என்று எழுதாதீர்கள். ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு ஒற்று வராது. முயற்சி, பயிற்சி, காட்சி.